அறுபத்து நாலோட நிறுத்திட்டேன்

அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் காட்டுங்களேன் தம்பி. ஓடுற பஸ்ஸுல அத எடுத்துக்கிட்டு எங்க போயிடப் போறேன்? அட்டையில 'பயணிகளுக்குப் போர்ச்சுகீசியம்'னு போட்டிருக்கு, அதான் கேட்டேன். பண்ருட்டியில நான் ஏறுனதுலேருந்து பாக்குறேன், உதட்ட அசைச்சு அசைச்சு என்னமோ மனப்பாடம் பண்ணிக்கிட்டே வர்றீங்க. எங்க, லிஸ்பனா? படிக்கவா? கும்பகோணத்துல சொந்தக்காரங்ககிட்ட சொல்லிட்டுக் கெளம்பணுமா? நல்லது நல்லது.

தூது பெய்?

பாத்தீங்களா, முழிக்கிறீங்க. சௌக்கியமான்னு கேட்டேன். நீங்களும் திருப்பி 'தூது பெய்'னு சொல்லணும். சௌக்கியம்னு அர்த்தம். இந்த மூஞ்சிக்குப் போர்ச்சுகீசியமான்னுதான பாக்குறீங்க? ஏழு சீசன் மொசாம்பிக்ல இருந்தவன் தம்பி நான். முந்திரிக்கொட்டை. நம்ம பக்கத்து மரத்துல வெளையறது நம்ம கம்பெனிக்காரங்களுக்கே பத்தாது. ஆப்பிரிக்காவுலேருந்து கப்பல்ல வரணும். கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி அங்கயே போயி, மூட்டையக் குத்தி, ஒரு கிலோ கொட்டைய எடுத்து, ஒண்ணொண்ணா வெட்டி, பயிறு, அதான் உள்ள இருக்குற பருப்பு, எவ்வளவு, சொத்தை எவ்வளவுன்னு பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்ல? அந்த ஆளு நான். கலிவரதன்னு பேரு. பண்ருட்டியில கொட்டை யாவாரத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

எங்க, ஆஸ்பத்திரிப் பக்கம் எங்க போட்டிருக்கான்? ஓட்டல்... டாக்ஸி... கடைத்தெரு... இந்தா, எழுபத்தெட்டு. 'எனக்குக் காய்ச்சல்.' 'டாக்டரைக் கூப்பிடுங்கள்.' இருக்கு. நல்ல புஸ்தகம். இத எழுதினவன் நல்லா இருக்கணும். இந்தப் பக்கத்தப் படிச்சீங்களா? இல்லையா? அட என்னா தம்பி. காப்பி கேக்கறதும் விலை கேக்கறதும் போன மூணாம் நாள் தானா வந்துடும். வயிறு கத்துக் குடுத்துடும். இத மொதல்ல படிங்க. இத யாரும் ஒரு அவசரத்துல கத்துக்க முடியாது.

நான் எங்க போறேன்னா? காடாம்புலியூர். தங்கச்சி வீடு. இந்த நாலு வழிச்சாலை வேலை முடியற வரைக்கும் பஸ்ஸு இப்படித்தான் ஊரும், அரை மணி ஆவும். ஆவட்டும். எனக்கொண்ணும் அவசரம் இல்ல.

அவசரம் இல்லன்னு சொல்லக் கூடாது. மூணு மணிக்குள்ள போயாவணும். என் தங்கச்சி மக, தாரணி, நர்ஸு படிச்ச பொண்ணு, மஸ்கட்டுக்கு வேலைக்குப் போறா. சாயங்காலம் மூணு மணிக்குக் காரு. நேத்து ராத்திரி போன் போட்டு அழுவறா. "மாமா, அம்மா மூணு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் கெளம்பறப்போ வாசப்படிக்குக்கூட வர மாட்டாங்களாம். மாட்டுக் கொட்டாய்ல போயி உக்காந்துக்கிறாங்க. நீங்க வந்து சொல்லுங்க மாமா"ன்னா. பெத்த பொண்ணு கடல் தாண்டிப் போறா, போயிட்டு வாம்மான்னு ஒரு வார்த்தை வாயில வராதா? கேட்டா, என் வாய் விஷ வாய், நான் சொன்னா வெளங்காதுங்குறா.

அம்சவேணின்னு பேரு அவளுக்கு. நாங்க அம்சான்னு கூப்புடுவோம். சின்னதுல அவ வாய மூட வெக்க முடியாது. கொட்டை ஒடைக்கிற ஷெட்டுல முப்பது பொம்பளைங்க இருந்தா முப்பது பேரு பேச்சும் அவ ஒருத்தியே பேசிடுவா. இப்ப நாலு வருஷமா 'ம்', 'ம்ஹும்', அவ்ளோதான். கல்யாண வீட்டுக்கு வர மாட்டா. யாராவது ஊருக்குக் கெளம்புறாங்கன்னு தெரிஞ்சா எதுக்க வர மாட்டா. எல்லாம் அவ புருஷன் போனதுலேருந்து.

தேவநாதன். எனக்கு மாப்ள. தங்கமான ஆளு தம்பி. கொட்டைய அஞ்சாறு கையில அள்ளி, காதுகிட்ட வெச்சுக் குலுக்கியே காய்ஞ்சுதா காயலையான்னு சொல்லுவான். அந்த வித்தை எனக்கே வராது. ஆனா பயந்த சுபாவம். மெட்ராஸுக்கு மேல போனதில்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடி கம்பெனியில என்னக் கூப்புட்டாங்க, எட்டாவது சீசனுக்கு. எம் பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருந்த நேரம், நான் எப்படிப் போறது? முடியாதுன்னேன். அப்படின்னா உனக்குப் பதிலா ஒரு ஆளக் குடுத்துட்டு நில்லுன்னாங்க. நான் தேவநாதனச் சொன்னேன். அவனுக்கு மனசே இல்ல. அம்சாதான், "அண்ணன் ஏழு தடவ போயிட்டு வரல? அவர நம்பிப் போங்க"ன்னு தள்ளுனா.

பாஷை நான் சொல்லிக் குடுத்தேன். பன்னண்டு நாளு. கொட்டை காயப்போடுற களத்துல, நடுவுல நிக்கிற வேப்ப மரத்துக்கடியில ரெண்டு மூட்டையப் போட்டு உக்காருவோம். நாப்பது பக்கம் நோட்டு ஒண்ணு. நான் தமிழ் எழுத்துல எழுதித் தருவேன். 'போம் தியா', வணக்கம். 'ஒப்ரிகாது', நன்றி. 'குவாந்து குஷ்தா', எவ்வளவு. 'அமஞா', நாளைக்கு. மனுஷங்க பொழைக்க இவ்ளோ போதும் தம்பி, எந்த ஊரா இருந்தா என்ன?

எம் முறை என்னான்னா, ஒரு வார்த்தைய பத்துத் தடவ வாய்விட்டுச் சொல்லணும். மனசுக்குள்ள சொன்னா ஆவாது, நீங்க பண்றீங்களே அது மாதிரி. பத்துத் தடவ வாய்விட்டுச் சொன்னா பதினொண்ணாவது தடவ தானா வரும். தேவநாதன் மூட்டையப் பாத்துச் சொல்லுவான், "போம் தியா, போம் தியா"ன்னு. கொட்டை கிண்டுற பொம்பளைங்கல்லாம் சிரிக்கும். "என்னா அண்ணே, மூட்டைக்கு வணக்கம் சொல்றீங்க, அது பதில் சொல்லுதா"ன்னு. அவனும் சிரிச்சுக்கிட்டே அவங்களுக்கும் ஒரு போம் தியா சொல்லுவான்.

எல்லாத்துக்கும் மொதல்ல சொல்லிக் குடுத்தது 'தூது பெய்'தான். "மாப்ள, யார் என்ன கேட்டாலும் புரியலன்னா சிரிச்சுக்கிட்டே தூது பெய்னு சொல்லிடு. உடம்பு முடியல, மனசு சரியில்லன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டன்னா கம்பெனியில திருப்பி அனுப்பிடுவாங்க. போன மானம் வராது"ன்னேன். அத மட்டும் அவன் நூறு தடவ சொல்லியிருப்பான்.

அப்படிச் சொல்லிக் குடுத்தது மொத்தம் அறுபத்து நாலு வாக்கியம். கடைசியா ஒரு பக்கம் இருந்துது, ஆஸ்பத்திரிக்கு வேண்டியது, அஞ்சு வாக்கியம். அத மட்டும் சொல்லிக் குடுக்கல.

ஏன்னா... சொல்றேன், அதுக்குத்தான வர்றேன். எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. பயணம் போற அன்னிக்கு நேரம் சரியில்லன்னா, முன்னாடியே ஒரு நல்ல நாளு நல்ல நேரம் பாத்து, பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயி பக்கத்து வீட்டுல வெச்சிடுவோம். பெட்டி வாசப்படி தாண்டிட்டா ஆளு கெளம்புன மாதிரிதான். அதுக்கப்புறம் அந்த வீட்டுல கெட்ட வார்த்தை, நோய் நொடி, சாவு இழவு எதுவும் வாயால சொல்லக் கூடாது. சனிக்கிழம ப்ளைட்டு. சனிக்கிழம ஆவாதுன்னு வியாழக்கிழம காலையில பத்தர மணிக்குப் பெட்டிய பக்கத்து வீட்டுல வெச்சாச்சு. அப்புறமாத்தான் அவங்க வீட்டுல நோட்ட விரிச்சு உக்காந்தோம். ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துது. உள்ள சமைச்சிக்கிட்டு இருந்த அம்சா கரண்டியோட ஓடியாறா. "அண்ணா, பெட்டி வெளிய போயாச்சு. இனிமே நோய், காய்ச்சல்னு ஒரு வார்த்தை இந்த வீட்டுல வேணாம்"னா. சரிம்மான்னு அந்தப் பக்கத்தக் கிழிச்சு சட்டப் பையில வெச்சுக்கிட்டேன். அவ்ளோதான்.

பொம்பளைங்க பயத்துக்கு நாம என்னா பண்ண முடியும், சொல்லுங்க?

அங்க போயி ஒரு மாசம் நல்லாத்தான் இருந்தான். டவுன விட்டு உள்ள தள்ளி ஒரு கிராமத்துல கம்பெனி குடோனு. இவன் ஒருத்தன்தான் நம்ம ஆளு. மேனேஜரு, பாலக்காட்டுக்காரரு, டவுன்ல இருப்பாரு, வாரத்துக்கு ஒருக்கா வருவாரு. குடோனுக்குக் காவல்காரன் ஒருத்தன், ஜுவாவ்னு பேரு. கார்த்திகை கடைசியில அங்க மழை ஆரம்பிக்கும். தேவநாதனுக்குக் காய்ச்சல் வந்துது. நம்ம ஊரு காய்ச்சல்னு நெனச்சுட்டான். இங்கேருந்து கொண்டுபோன மாத்திரையப் போட்டுக்கிட்டு, ரசப்பொடியச் சுடுதண்ணியில கலக்கிக் குடிச்சிட்டு, போர்வையப் போத்திக்கிட்டு கொட்டைய வெட்டிப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். மலேரியா தம்பி அது. அங்கத்து மலேரியா மூளைக்கு ஏறும். மொத நாளே ரத்தம் பாத்து மருந்து குடுத்தா ஒண்ணுமில்ல, அஞ்சாம் நாளு எழுந்து நடக்கலாம். நாலு நாளு விட்டா...

ஜுவாவ் தெனம் காலையில கேட்டிருக்கான், தூது பெய்யான்னு. இவன் நடுங்கிக்கிட்டே சிரிச்சு, தூது பெய்னு சொல்லியிருக்கான். நாலாம் நாளு பேச்சு கொளறவும் அவன் பயந்துபோயி லாரியப் புடிச்சு ஏத்திக்கிட்டுப் போயிருக்கான். ஆஸ்பத்திரியில வெள்ளச் சட்டைய பாத்ததும் கண்ணத் தொறந்தானாம். டாக்டரு எப்படி இருக்கன்னு கேட்டிருக்காரு. அதுக்கும் அதத்தான் சொன்னானாம். அன்னிக்கு சாயங்காலம் முடிஞ்சு போச்சு.

தண்ணி வெச்சிருக்கீங்களா தம்பி? ஒரு வாய் குடுங்க.

போன் அடிக்குதே. தாரணிதான். "வந்துட்டேம்மா, பஸ்ஸுலதான் இருக்கேன். இல்லம்மா, இந்தத் தடவ எறங்கிடுவேன். நெஜமா."

இந்தத் தடவன்னு ஏன் சொன்னேன்னு பாக்குறீங்களா? போன வாரமும் இதே மாதிரிதான் கெளம்புனேன். ஸ்டாப்பு வந்துது, எறங்கல. நெய்வேலி வரைக்கும் போயி, ஒரு டீய குடிச்சிட்டு, எதுத்த பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்கு முந்தின வாரமும் அப்படித்தான். மனுஷனா நானு?

தம்பி, ஒண்ணு மாத்திச் சொல்லிட்டேன். எம் பொண்ணு கல்யாணம்னு சொன்னனே, அது அடுத்த வருஷம் வைகாசியில. அந்த சீசனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஊருல எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லி உங்ககிட்டயும் வந்துடுச்சு. நான் போவாததுக்குக் காரணம் பயம். ஏழாவது சீசன்ல எனக்கே வந்துது அந்தக் காய்ச்சலு. அதே குடோனு, அதே ஜுவாவ். எனக்கு அந்த அஞ்சு வாக்கியம் தெரிஞ்சிருந்துது, 'தேன்யு ஃபெப்ரி'ன்னு கத்துனேன். காய்ச்சல்னு அர்த்தம். என்னச் சைக்கிள்ல உக்கார வெச்சு பதினாலு கிலோமீட்டரு தள்ளிக்கிட்டே போனான் அந்தப் புண்ணியவான். பொழச்சேன். ஊருக்கு வந்து எலும்பும் தோலுமா நின்னப்போ, அங்கத்து சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னேன். எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. கொசுவே இல்லாத ஊருன்னு வேற அளந்துவிட்டிருக்கேன் களத்துல உக்காந்து, எல்லாரும் வாயத் தொறந்துக்கிட்டு கேப்பாங்க. அந்தப் பேரு போயிடக் கூடாதுல்ல.

அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்த நான் அவனுக்காக எழுதத்தான் எழுதுனேன். அஞ்சு வாக்கியம். அதுக்குக் கீழ, 'குளிரு நடுக்கம் வந்தா அன்னிக்கே ரத்தம் பாரு, ஒரு நாளும் தள்ளாதே'ன்னு கொட்ட எழுத்துல. எழுதி முடிச்சுட்டுப் பாத்தேன். இத இவன் படிச்சான்னா ஏன் மச்சான்னு கேப்பான். உனக்கு வந்துதான்னு கேப்பான். சொன்னா போவ மாட்டான், பயந்தவன். அவன் போவலன்னா நான்தான் போவணும்.

கிழிச்சேன்.

எப்பன்னு கேளுங்க. புதன்கிழம மத்தியானம். களத்துல, அந்த வேப்ப மரத்துக்கடியில, அவன் சாப்புடப் போயிருந்த நேரம். பெட்டி வெச்சது வியாழக்கிழம. அம்சா கரண்டியோட ஓடியாந்தது வியாழக்கிழம. புரியுதா தம்பி உங்களுக்கு? அவ வேணாம்னு சொன்னப்போ அந்தப் பக்கம் நோட்டுலயே இல்ல. தேவநாதன்தான் வாயத் தொறந்து கேட்டான், "மச்சான், உடம்புக்கு எதுனா வந்தா என்னான்னு சொல்றது?"ன்னு. நான் இல்லாத பக்கத்தத் தேடுற மாதிரி நோட்டப் பொரட்டிக்கிட்டு இருக்கேன், அவ ஓடியாந்து என்னக் காப்பாத்துனா. "கேட்டியா மாப்ள, உம் பொண்டாட்டி ஆர்டரு"ன்னு சொல்லி நோட்ட மூடிட்டேன். அவனும் சிரிச்சான்.

இதோட விட்டிருந்தாக்கூட பரவால்ல. பாடி வந்த அன்னிக்கு, பொட்டிய எறக்கி வெச்சிருக்கு, அவ எம் முன்னாடி வந்து நின்னு கேட்டா. "அண்ணா, காய்ச்சல்னு சொல்றதுக்கு அவருக்கு ஒரு வார்த்தை தெரியாமப் போச்சே. நீ எழுதி வெச்சிருந்தியா?" எல்லாரும் என்னப் பாக்குறாங்க. முந்நூறு பேரு. நான் சொன்னேன், "எழுதித்தாம்மா வெச்சிருந்தேன். நீதான வேணாம்ன, அதான் கிழிச்சேன்." அப்படியே வாயில வந்துது. யாரும் சொல்லிக் குடுக்காம, ஒரு தடவகூட சொல்லிப் பாக்காம வந்துது. அவ அங்கயே அவ வாயில அடிச்சுக்கிட்டா, படார் படார்னு. நாலு பொம்பளைங்க புடிச்சும் நிறுத்த முடியல. நான் பாத்துக்கிட்டு நின்னேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு பெரியவங்க சொல்லுவாங்கல்ல, அந்தப் பழிய எடுத்து அவ தலையில வெச்சவன் கூடப்பொறந்த அண்ணன்.

அன்னிக்கு மூடுன வாயிதான் அவளுக்கு.

நாலு வருஷமா நானும் செய்யாதது இல்ல. கூரைய மாத்திக் குடுத்தேன், மாடு வாங்கிக் குடுத்தேன், தாரணிக்கு நர்ஸிங் சீட்டுக்கு அலைஞ்சேன். ஊருல, அண்ணன்னா கலிவரதன் மாதிரி இருக்கணும்னு பேரு. அவ ஒரு நாளும் என்னக் கொற சொன்னதில்ல. அவ சொல்லியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

பாருங்க, இதான் அந்தப் பக்கம். பர்ஸுல வெச்சு வெச்சு மடிப்பெல்லாம் விட்டுப்போச்சு. எழுத்து நல்லாத் தெரியுது பாருங்க. இத நீங்க வெச்சுக்கோங்க தம்பி. உங்க புஸ்தகத்துல இல்லாத ஒண்ணு ரெண்டு இதுல இருக்கு. கொட்ட எழுத்துல எழுதியிருக்கேன், அத நல்லாப் படிங்க. வெச்சுக்கோங்க, வெச்சுக்கோங்க. எனக்கு இது எதுக்கு இனிமே? உங்களுக்காவது ஒதவட்டும்.

என்னா, திருப்பிக் குடுக்குறீங்க?

ஆமா. நீங்க சொல்றது சரிதான். மேல ஓரத்துல 'கிழிச்சது'ன்னு தேதி போட்டிருக்கு, யாவாரப் பழக்கம், எந்தத் தாளக் கிழிச்சாலும் அன்னித் தேதிய எழுதிடுவேன். புதன்கிழமத் தேதி. வாயால சொன்னா, நம்மத் தேத்தறதுக்காக அண்ணன் பொய் சொல்றாருன்னு அவ நெனைச்சுக்குவா. நான் நல்லவன்னு அவளுக்கு அவ்ளோ நம்பிக்கை. இதக் காட்டுனாத்தான் நம்புவா. படிச்சவரு நீங்க, டக்குன்னு புடிச்சுட்டீங்க. நானும் டக்குன்னு தள்ளிவிடப் பாத்தேன் பாருங்க, உங்களுக்கு ஒதவி பண்ற மாதிரி. திருட்டுப் புத்தி எப்படியெல்லாம் வேலை செய்யுது. குடுங்க.

அந்தப் பெட்ரோல் பங்கு தாண்டுனா ஸ்டாப்பு. தம்பி, எனக்கு ஒரு ஒதவி. நான் ஒரு வாக்கியம் சொல்றேன், நீங்க எண்ணிக்கிட்டே வாங்க. யாரும் பாத்தா பாக்கட்டும், கெழவன் ஒளறுறான்னு நெனைக்கட்டும்.

அம்சா, நீ சொல்றதுக்கு முந்தின நாளே நான் கிழிச்சுட்டேன்.

ஒண்ணு. அம்சா, நீ சொல்றதுக்கு முந்தின நாளே நான் கிழிச்சுட்டேன். ரெண்டு. முந்தின நாளே... மூணு. நான் மெல்லத்தான் சொல்றேன், நீங்க சரியா எண்ணுங்க.

அதோ அந்தப் புளிய மரத்துக்கடியில நிக்குதே, பச்ச சுடிதாரு, அதான் தாரணி. நான் எறங்குவனோ மாட்டனோன்னு பாக்க வந்திருக்கா. அப்பன் சாடை அப்படியே இருக்கு, பாருங்க அந்த நெத்திய. அம்சா, நீ சொல்றதுக்கு முந்தின நாளே நான் கிழிச்சுட்டேன். ஏழா? எட்டா? எட்டு.

கண்டக்டர் சார், எறங்கணும் சார், கொஞ்சம் இருங்க, விசில் குடுத்துடாதீங்க.

ஒம்பது. பத்து. போதும் தம்பி. பத்துத் தடவ வாய்விட்டுச் சொன்னா பதினொண்ணாவது தானா வரும். தேவநாதனுக்கு அப்படித்தான் வந்துது, கடைசி வரைக்கும் வந்துது. எனக்கும் வந்துதான் ஆவணும். நீங்க போயிட்டு வாங்க. எழுபத்தெட்டாம் பக்கம், மறந்துடாதீங்க. கொஞ்சம் கால மடக்குங்க, எறங்கிக்கிறேன்.